எட்டாவது வாரத்துக் கோதுமை

ஏப்ரல் 4, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். கணவாய்க் காற்றும் நின்றுவிட்டது. கொப்புளம்: வலது கையில் நான்கு, இடது கையில் இரண்டு. பேனா பிடிக்க வலிக்கிறது.

குளம் வெட்டும் நிவாரண வேலைக் கொட்டகையில் புதிய நோட்டீஸ். மலையாளத்தில். வழக்கம்போல நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதி வைக்கிறேன்:

— அறுபது வயதுக்குக் கீழே, உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு வேலை செய்தால் மட்டுமே கோதுமை.
— ஒரு வேலை அட்டைக்கு எட்டு வாரம். அதோடு சரி.
— எட்டு வாரமும் குழி அளவு குறையாதவர்களுக்கு மட்டும் இன்னும் நான்கு வாரம்.

எங்களுக்கு இது எட்டாவது வாரம். சனிக்கிழமை கடைசி அளவு.

"ஏனுங்க வாத்தியாருங்கண்ணா, மழ வார வரைக்கும் வவுறு காத்திருக்குமான்னு அதுல போட்டிருக்குதுங்களா?" மயிலாத்தாள் கேட்டாள். பக்கத்துக் குழிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாத்தியாராம். ஏழு வருடமாக நான் வாத்தியார் இல்லை.

பள்ளி மானேஜர் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து எங்கள் வகுப்புகளில் உட்கார வைத்தார், தலை எண்ணிக்கை குறையாமல் காட்ட. பரிசோதனைக்கு வந்த அதிகாரி என்னைத்தான் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். ஒரு வகுப்பு ரத்து. ரத்தான வகுப்பு என்னுடையது, வேலையும் போயிற்று. அன்று எனக்கு எதிராக எழுதிக் கொடுத்தவன் பள்ளிக் குமாஸ்தா. இந்த மயிலாத்தாளின் கொழுந்தன்.

ஏப்ரல் 5, புதன்

மண் இரும்பு மாதிரி. நான் வெட்ட, என் மனைவி சரசு சுமந்து கரையில் கொட்டுகிறாள். ஜோடிக்கு ஒரு குழி. தனி ஆளுக்கு அரைக்குழி. மயிலாத்தாள் விதவை, அவளே வெட்டி அவளே சுமக்கிறாள். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

குழியின் நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விட வேண்டும். பழைய தரை எந்த மட்டம் என்பதற்கு அதுதான் சாட்சி. ஓவர்சியர் அதன் உச்சியிலிருந்து அடிவரை கோல் பிடிப்பார், அதுதான் ஆழம். சிலர் திட்டின் தலையில் மண்ணை ஏற்றி மேலே வேரோடு பெயர்த்த புல்கரணை பதித்துவிடுகிறார்கள். ஒரு சாண் ஏற்றினால் ஒரு சாண் வெட்டியதாகிவிடும். திருட்டு. ஊரே செய்கிறது. என் குழியில் அது நடக்காது என்று சரசுவிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு: கோதுமைக் கஞ்சி. நேற்றும் அதுவே. சோற்றை மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை.

ஏப்ரல் 7, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தோள் தூக்க முடியவில்லை.

இன்று மதியம் பனையடியில் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சரசுவும் மயிலாத்தாளும் குழியோரத்தில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு என்ன பேச்சு என்றேன்.

"பொம்பளைங்க பேச்சு. உங்களுக்கெதுக்குங்க?"

பிடிக்கவில்லை. அந்தக் குடும்பத்தோடு சகவாசம் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது.

வாங்க வேண்டியவை: உப்பு, மண்ணெண்ணெய், சரசுவுக்குச் சும்மாட்டுத் துணி. பழையது கிழிந்துவிட்டது.

ஏப்ரல் 8, சனி

கடைசி அளவு. ஓவர்சியர் சின்னப் பையன், ஒற்றப்பாலத்துக்காரன். மரியாதை தெரிந்தவன். எங்கள் திட்டில் கோலை வைத்தான். அளவு சரி. இரண்டு விரல் கூடுதல்கூட. நான்கு வாரம் நீட்டிப்பு என்று மேஸ்திரி அட்டையில் குறித்தார். எனக்கே ஆச்சரியம். பி.ஏ. படித்த கையும் மண் வெட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து மயிலாத்தாளின் அரைக்குழி. திட்டின் தலையில் புல் வாடியிருந்தது. ஓவர்சியர் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாஷே, இது ஒள்ளதாணோ? மாஷ் பறஞ்ஞா மதி."

உண்மையான திட்டுதானா என்கிறான். வாத்தியார் நான் சொன்னால் போதுமாம். இத்தனை வருடத்தில் என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தவன் இவன் ஒருவன்தான். மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். சரசு, "ஏனுங்க, சும்மாருங்க" என்றாள், உதடு அசையாமல்.

"மண் ஏற்றியிருக்கிறது" என்றேன்.

கோலால் தட்டினான். புல்கரணை தொப்பி மாதிரி கழன்று விழுந்தது. நீட்டிப்பு இல்லை. அட்டையை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. "பரவால்லீங்கண்ணா. உள்ளதத்தான சொன்னீங்க" என்று மண்வெட்டியைக் கழுவப் போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கொழுந்தன் முகத்தை நினைத்துச் சந்தோஷப்படப் பார்த்தேன். வரவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

சரசு நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல்:

"நம்ம குழி எப்படீங்க நெறஞ்சுது?"

"வெட்டினேன். நிறைந்தது."

"நீங்க வெட்டுனதுல ஒரு சாண் கொறைச்சலுங்க. வெள்ளிக்கெழம நீங்க தூங்கறப்ப அவளும் நானுந்தான் மண்ணேத்துனோம். மொதல்ல நம்மளதுக்கு. நல்ல ஈரப்புல்லா அவளே தேடிப் புடிச்சு வந்து பதிச்சா. வாத்தியாரண்ணனுக்கு மானக்கேடு வந்துரக் கூடாதுக்கான்னு சொன்னா. மிச்சமிருந்த காஞ்ச புல்லத்தான் அவளுதுல வெச்சா."

அவள் கொழுந்தன் எனக்குச் செய்தது என்று ஆரம்பித்தேன்.

"அவனா? அவன் இவள ஊட்ட உட்டுத் தொரத்தி ரெண்டு வருசமாச்சுங்க. ஊருக்கே தெரியும். நீங்கதான் ஆருகூடவும் பேசறதில்லீங்களே."

வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன். கஞ்சி மூடி வைத்திருந்தது. சரசு தன் பங்கில் பாதியைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். எங்கே என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

மேகம். பெய்யாது.

ஏழு மணிக்குக் குளத்தில் இருந்தேன், மண்வெட்டியோடு. சரசு வந்தாள். கூட மயிலாத்தாள். புதுக்குழி. சரசு நேராக மேஸ்திரியிடம்:

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பு செரியில்லீங்க. இவ பதிலுக்கு வெட்டுவா."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நேராக நின்றுகொண்டிருக்கிறேன். காய்ச்சலும் இல்லை, கட்டும் இல்லை.

"ஜோடில ஒருத்தருக்கு முடியலீன்னா பதில் ஆளு உடலாமுங்க, ரூல்லயே இருக்குது. ஒரு வாரத்துக்கு. ஏனுங்க வாத்தியாரே, ஒடம்புக்கு என்ன?"

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"காய்ச்சல்" என்றேன்.

"அப்ப ஊட்டுக்குப் போய்ப் படுங்க. வெயில்ல நின்னுட்டு."

மண்வெட்டியை மயிலாத்தாள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடியில் என் கொப்புள நீர். முந்தானையால் துடைத்தாள். கோதுமை ஆளுக்குப் பாதி என்று அவர்களே பேசி வைத்திருப்பார்கள் போல.

பதினோரு மணி. வீட்டில் தனியாக. ஒரு வாரம் கழித்து மயிலாத்தாளுக்கு மறுபடியும் ஒன்றுமில்லை. தாலுகா ஆபீஸுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது. முழு உண்மையை எழுதினால் இரண்டு அட்டையும் போகும். எழுதாவிட்டால் அவளுடையது மட்டும்.

மூன்றாவது தாள்: எனக்குக் கண் மங்கல். சனிக்கிழமை வெயிலில் கூசியது. எட்ட நின்று பார்த்துத் தவறாகச் சொல்லிவிட்டேன். புல்கரணை நான் காலால் மிதித்ததில் கலைந்தது. அவள் மேல் குற்றமில்லை. நான் எழுதிய முதல் பொய். மலையாளத்தில் நல்ல வாக்கியங்களாக வந்திருக்கின்றன. எங்கும் அடித்தல் இல்லை.

அவள் பெயர் எழுதியாயிற்று. இறந்த கணவன் பெயர் எழுதியாயிற்று. வயது தெரியவில்லை. எட்டு வாரம் பக்கத்துக் குழியில் இருந்தாள். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பொழுது சாய வேலை முடிந்து வந்ததும் அவளிடமே கேட்க வேண்டும்.