திருப்பி மாட்டிய கிளட்ச் பிளேட்

என் வீட்டம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன், மூளையும் சேர்த்துத்தான்.

இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு டீச்சரம்மா காருக்கு ஒரிஜினல் வர நாளாகும் என்று, வேறு கம்பெனி கிளட்ச் பிளேட்டை நானே தேர்ந்தெடுத்து நானே மாட்டினேன். எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களே! தடவிப் பார்த்தே திருப்பி மாட்டிவிட்டேன். கியர் விழவே இல்லை.

"எவன்யா மாட்டினது?" என்று முதலாளி கத்தினார். கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்த பாவத்துக்கு என்னோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கிறவர் மாட்டிக்கொண்டார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையோடு அவருக்கு வேலை இல்லையாம். இன்றைக்கும் எனக்கு அவர்தான் சோறு போட்டுக் கொடுத்தார். பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடிச் சீட்டு பீரோவில் இருக்கிறது, அதை அனுப்பு. நாளைக் காலை முதலாளியிடம் உண்மையைச் சொல்கிறேன். என்னையே ஊருக்கு அனுப்பினாலும் பயப்படாதே. உன்னிடம் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது, அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன். தபால்காரர் வந்துவிட்டார், இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்