ஓடையோரத்துப் புல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம்; செவலையும் கொம்பியும் நலம். மாடுகளை முதல் வரியிலேயே சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். உங்கள் இருமல் நின்றதா? குளிர்கிடங்குக்குள் போகும்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறீர்களா?

மழை வந்துவிட்டது அப்பா. அம்மா போனில் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் "மழை பேஞ்சுது, நல்லா இருக்கோம், நீங்க சாப்டீங்களா" என்பதோடு வைத்துவிடுவாள். நடந்ததை யாராவது முழுதாக எழுத வேண்டாமா?

இந்த வறட்சியில் நீங்கள் நகரத்து வேலைக்குக் கிளம்பும்போது, தீவனம் தீர்ந்தால் மாடுகளை விற்றுவிடுங்கள், பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு எல்லோரும் அங்கேயே இருந்துவிடலாம் என்றீர்கள். அம்மா தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மேட்டு நிலத்துச் சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்து நிலத்து பம்புசெட் மாமா தினமும் வரப்பில் நின்று, "கொஞ்சம் பொறும்மா, ஒரு மழை விழுந்தா கதிர் வாங்கிடும்" என்பார். அம்மா பொறுக்கவில்லை. இலையில் பச்சை மிச்சம் இருக்கும்போதே அறுத்து, நன்றாகக் காயவைத்து, தட்டையை மாட்டுத் தீவனத்துக்காகப் போர் போட்டாள். கதிரும் இல்லாமல் தட்டையும் இல்லாமல் நிற்பதற்கு இது மேல் என்றாள். ஆனால் ஒவ்வொரு பிடியையும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் அரிவாளை வைத்தாள். விதைத்தவளும் அவள்தானே.

அதோடு ஓடையோரத்துப் புல்தரையைச் சுற்றிக் கம்பி கட்டிவிட்டாள். புல் வெளுத்துப்போய்த் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதையும் மேய விடவில்லை. செவலை கம்பிமேல் கழுத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடியே நிற்கும். எனக்குக் கோபமான கோபம். பசித்த மாட்டின் கண்முன்னே புல்லைப் பூட்டி வைப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். "இப்ப ஒட்ட மேஞ்சிட்டா, மழை வர்றப்ப துளிர்க்க அங்க என்னடி இருக்கும்? நீ போய் முளைப்பியா?" என்றாள்.

தட்டைப் போர் என் உயரத்துக்கும் கீழே இறங்கிய சமயத்தில் மாட்டுத் தரகர் வந்தார். செவலையின் விலாவைத் தடவிப் பார்த்து, "கம்பத்துக்குத் தோல் போர்த்தின மாதிரி இருக்கே தங்கச்சி" என்றார். "வெறும் கம்பத்தை எதுக்குண்ணே விலை கேக்கறீங்க?" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் போனதும் அவள் தொழுவத்துக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் பம்புசெட் மாமா வண்டி நிறையக் கரும்புத் தோகை கொண்டுவந்து வாசலில் தள்ளினார். நன்றி சொல்லப் போனேன். "களத்துல இடத்தை அடைச்சிட்டுக் கிடந்துச்சு பாப்பா, நீங்கதான் எனக்கு உதவி பண்றீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மழை வந்த பிறகுதான் நான் உண்மையில் பயந்தேன். அறுத்த சோளக்கட்டைகளில் பச்சைப்பசேலென்று துளிர் வந்தது. வறட்சிக்குப் பிறகு வரும் சோளத் துளிர் மாட்டுக்கு விஷம் அல்லவா? செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக அங்கேதான் ஓடியது. அம்மா சேற்றில் செருப்பை விட்டுவிட்டு ஓடி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மாமா பாய்ந்து வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். செவலை ஒரு வாய்கூட வைக்கவில்லை. "என்னம்மா, மாட்டோட மல்யுத்தமா?" என்று மாமா கேட்க, அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மழையில் நனைந்த முகம்தான், ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

நேற்று கம்பியை அவிழ்த்தோம். ஓடையோரத்துப் புல் இப்போது என் கணுக்காலை மறைக்கிறது. இரண்டு மாடுகளும் தலையைத் தூக்கவே இல்லை. மாடு புல்லைக் கடித்து இழுக்கும் அந்தச் சத்தத்துக்கு ஒரு சொல் இருக்கிறதா என்று அகராதியில் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டதால் மாமாவின் மாடும் அங்கேதான் மேய்கிறது.

பால் கறக்கும்போது அம்மா கொம்பியிடம், "அவரு அங்க குளிர்ல நின்னதாலதான் நாம இங்க காத்திருக்க முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. என் காதில் விழுந்துவிட்டது.

உங்களை வரச் சொல்லி எழுதக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதனால் எழுதவில்லை. மேட்டு நிலத்து மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறது, விரலால் தொட்டால் உதிர்கிறது. விதைக்கு இதுதான் பதம் என்று நீங்கள்தான் காட்டியிருக்கிறீர்கள். வெயில் ஏறினால் இந்த ஈரம் நிற்காது என்கிறார் மாமா. விதையை அம்மா புடைத்து வைத்துவிட்டாள். உங்கள் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறோம். எனக்கு அது பெரியதாக இருக்கிறது, அம்மாவுக்கும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

ஈரம் காய்வதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் அன்பு மகள்