ஆசீர்வதித்த சொட்டு மருந்து

ஜெசிதாவின் அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதேங்கோ. பிள்ளை இப்போதுதான் நித்திரையானாள்.

மாமிக்கு வருகிற வெள்ளிக்கிழமை கண்புரை ஒப்பரேஷன். கண்ணில் கிருமி தொற்றாமலிருக்க ஆசுப்பத்திரியில் தந்த சொட்டு மருந்தை அவ தொடவும் மாட்டாவாம். நீங்கள் கட்டாரிலிருந்து அனுப்பியதைப் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய் ஆசீர்வதிப்பித்து வைத்திருக்கிறா. “என்ரை பிள்ளை அனுப்பினதை விடவோ உவையின்ரை மருந்து?” என்கிறா.

இரண்டும் அன்டிபயோட்டிக்தான். எது நல்லதென்று தேடித்தேடி வாசித்தேன். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரிப் போட்டிருக்கிறார்கள். படித்திருந்தும் குழம்பிப்போனேன். டொக்டரைக் கேட்போம் என்றால், “அப்ப சுவாமியை நம்பேல்லையோ?” என்று முகத்தைத் திருப்புகிறா.

நீங்கள் யாரையாவது கேட்டுத்தானே வாங்கினீர்கள்? நாளைக்குக் கண்ணுக்கு ஏதும் நடந்தால் என்னைத்தானே கேட்பீர்கள்?

நீங்கள் சொன்னால் மட்டும் கேட்பா. டொக்டர் தந்ததையே கண்ணுக்கு விடச் சொல்லி, கெதியாய்ப் பதில் போடுங்கோ.

உங்கள் மனைவி