எங்கள் கதவில் தொங்கிய பச்சை அட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுக்கொண்டேன், அதனால் அதை மறுபடி கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. குட்டியின் இருமல் நின்றதா? ஐஸ்கிரீமையும் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் ஓடாதே. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடுவாய், இது அப்படி விடுகிற விஷயம் இல்லை.

நாங்கள் இந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது ஒரு படிவத்தில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆபத்து வந்தால் யாரை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதற்கான படிவம் அது. அதைப் பார்த்துத்தான் கதவுக்குக் கதவு அட்டை மாட்டுகிறார்கள். தானாகப் படி இறங்குகிறவருக்குப் பச்சை, கைபிடித்து இறக்க வேண்டியவருக்கு மஞ்சள், தூக்கிக்கொண்டு போக வேண்டியவருக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் தரைத்தளத்தில்தான் அறை, அங்கே எல்லாம் ஒற்றைக் கட்டில். அம்மாவின் முழங்கால் உனக்கே தெரியும், பிடித்துக்கொண்டாலும் படி இறங்க முடியாது. ஆனால் நாற்பத்தாறு வருஷம் ஒரே அறையில் இருந்துவிட்டு இப்போது ஆளுக்கொரு தளமா என்று எனக்கு ஒரு வீம்பு. தானாக இறங்குவார் என்று எழுதினேன். உன்னிடம், இது சும்மா பேருக்கு, படிக்க வேண்டாம், போட்டு அனுப்பு என்று சொன்னேன். நீயும் அப்பா சொன்னால் சரி என்று போட்டுவிட்டாய். மூன்றாம் மாடியில் எங்கள் கதவில் இரண்டு பச்சை அட்டை ஜம்மென்று தொங்கின.

ஒன்றரை வருஷம் டிமிக்கி கொடுத்தேன். மணி அடித்ததும் எல்லாரும் வெளியே வந்து நிற்கிற தீ விபத்துப் பயிற்சி என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்வார்கள், அன்று காலையிலேயே அம்மாவை லிஃப்டில் இறக்கித் தோட்டத்தில் உட்கார வைத்துவிடுவேன். மணி அடிக்கும்போது முதல் ஆள் நாங்கள்தான். இங்கே நிர்வாகம் பார்க்கிற அம்மாளின் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசிலம்மா என்று பேர் வைத்திருக்கிறோம். அவர் ஒருதடவை இந்தத் தம்பதியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல, நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், நிஜமாகவே ஆபத்து வந்தால் ஒரு லிஃப்டை ஓட்டத் தெரியாதா என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் வேறு. தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதீர்கள் என்ற பலகையை எத்தனை கட்டடத்தில் என் கையாலேயே மாட்டியிருப்பேன், கடைசியில் எனக்கு நானே காது குத்திக்கொண்டேன்.

போன மாதம் விதி மாறியது, இனிமேல் சொல்லாமல்தான் மணி அடிக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணி, அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள், மணி அடித்துவிட்டது. லிஃப்ட் தானாகக் கீழே போய்க் கதவைத் திறந்துகொண்டு நின்றுவிட்டது, அந்த ஏற்பாட்டையும் எத்தனையோ இடத்தில் நான் செய்து கொடுத்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் படியில் இறங்கினோம். பதினோரு படி. பன்னிரண்டாவதில் அம்மா உட்கார்ந்துவிட்டாள், வலியில் உதடு வெளுத்துப்போயிற்று. பணிப்பெண்கள் மஞ்சள் கதவுக்கும் சிவப்புக் கதவுக்கும் ஓடினார்கள், பச்சைக் கதவுக்கு யாரும் வர வேண்டியதில்லை. கீழே விசிலம்மா பேர் வாசிப்பது படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. எங்கள் பேர் வந்ததும் யாரோ, அவங்கதான் எப்பவும் மொதல்ல வந்துருவாங்களே என்று குரல் கொடுத்தார்கள். எல்லாரும் வந்தாச்சு என்று நீளமாக விசில் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருக்கிறோம். அம்மா என்னைப் பார்த்து, பொய் எழுதினது நீங்க, உக்காந்திருக்கிறது நான் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, சிரித்துக்கொண்டே சொன்னாள். கீழே தனியாக இருக்க உனக்குச் சம்மதமா என்று அவளை நான் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை அம்மாடி. நிஜமாகவே புகை வந்திருந்தால் உனக்கு என்ன செய்தி வந்திருக்கும், அதுவும் நீயே கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி. அதை நினைத்ததும் அழுதுவிட்டேன்.

அன்றைக்கே போய் விசிலம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், முகத்தைப் பார்க்காமல் பேருக்கு டிக் போட்டது என் தப்பு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் டிக். அம்மா தரைத்தளத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. என் குறட்டை இல்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறாளாம், கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று வேளையும் நான் படியிறங்கிப் போய் அவளோடுதான் சாப்பிடுகிறேன். கஷ்டம் எனக்குத்தான். அறையில் எதையாவது சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இன்னொரு விதிக்கு என்னிடம் தனியாகக் கையெழுத்து வாங்கினார்கள். மணி அடித்தால் யாரையும் தேடிப் போகக்கூடாது, நேரே வெளியே வர வேண்டும். படிக்கட்டு முடிகிற இடத்தில் வலது பக்கம் முதல் கதவு அம்மாவுடையது, வாசல் இடது பக்கம். நேற்று மணி அடித்தது. ஐம்பத்துநாலு படியும் இறங்கிவிட்டேன், கடைசிப் படியில் கால் வலது பக்கம்தான் போகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினேன். அவளைக் கூப்பிடாமல் ஒரு இடத்தை விட்டு நான் வெளியேறியது இதுதான் முதல் தடவை. வெளியே போனால், மரத்தடியில் சக்கர நாற்காலியில் மடியில் கைப்பையோடு உங்கம்மா, எனக்கு முன்னாலேயே வந்தாயிற்று. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டி நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். புதுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், மாதம் முடிவதற்குள் அனுப்பு. இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படி, அம்மாவுக்குப் போன் போட்டு அவளையே கேள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடு. அப்பா சொன்னார் என்பதற்காகப் போடாதே.

இப்படிக்கு,
ஒற்றைப் பச்சை அட்டையோடு மூன்றாம் மாடியில் இருக்கும்
உன் அப்பா