யாருக்கு வந்த கடிகாரம்

அன்பு மகள் லோயிஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான், அப்பா, லூயெல்லா அத்தை மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி பசுக்கள் உட்பட எல்லோரும் நலம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் நலமாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி வேலையில் சாப்பாட்டை மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் அப்பா என்ன சொன்னார் என்றுதானே முதலில் கேட்பாய், அவர் எதையும் சொல்லவில்லையே, நான் எதை எழுத? இப்போது எழுத நிறைய இருக்கிறது. உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படிக்காதே.

கொர்னீலியஸ் உனக்கு மோதிரம் வாங்கி வந்தான், நீ அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொன்னாய், அவன் திரும்ப எடுத்துக்கொண்டு போனான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, மனதுக்குள் என்ன நினைக்கிறானோ என்று பயமாக இருக்கிறது, இவ்வளவுதானே நீ எழுதியிருந்தது. அப்பா முதலிலிருந்து மோதிரம் என்ற வார்த்தை வரை படித்தார். அங்கேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். நீ போடவில்லை என்பதைப் படித்துக் காட்ட நானும் பின்னாலேயே போனேன். அதற்கு அவர், "இவ போடல, சரி. அவங்க வீட்ல எல்லாரும் போடுறாங்கல்ல? நாளைக்கு அங்க போய் வாழப்போறவதானே?" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மோதிரமே கூடாது என்கிற நம் சபையில், ஒழுங்கைக் கவனிக்கும் டீக்கனாக இருப்பவர், போன வருஷம்தான் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண்ணிடம் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொல்லப் போய், அவள் அழுததைப் பார்த்து இவரும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். ஊரார் விரலையெல்லாம் பார்க்கப் போகிறவருக்கு, தன் வீட்டு மருமகன் மோதிரம் போடுகிற சபைப் பையன் என்றால் தொண்டையில் முள் குத்தாதா? கொர்னீலியஸின் டீசன் குடும்பமும் நம்மைப் போல மென்னோனைட் சபைக்காரர்கள்தானே என்றேன். "மென்னோனைட்தான், மோதிரம் போட்ட மென்னோனைட்" என்றார். அத்தோடு உன் பேச்சு இந்த வீட்டில் நின்றுபோனது. சாப்பாட்டு ஜெபத்தில் மட்டும் உன் பேரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

இப்போது கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை நானும் அத்தையும் மெத்தை விரிப்பு தைக்க நோல்ட் வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் அத்தையின் அறைச் சுவரில் ஒரு புதுக் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, உன் அப்பா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடை வண்டிக்காரன் பெட்டியை இறக்கி, ஐவன் வீவர் வீடு இதுதானே, பணம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டானாம். யார் அனுப்பியது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாதாம். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கடிகாரம் வந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த வீட்டில் கல்யாணமாகாமல் இருப்பது யார், லூயெல்லா அத்தை ஒருத்தி. அவளைத் துணிக்கடையிலிருந்து வேலை முடிந்ததும் தீவன வண்டியில் கொண்டு வந்து விடுவது யார், ஈனோஸ் சென்செனிக். அவர் மனைவி கர்த்தரிடம் போய் நான்கு வருஷம் ஆகிறது. போகிற வழிதானே என்று சொல்லித்தான் கொண்டு வந்து விடுவார், அவர் வீடு இருப்பதோ நேர் எதிர்த்திசையில். அப்புறம் என்ன கணக்குப் போட வேண்டியிருக்கிறது? அப்பா ஆணி அடித்து, மட்டம் பார்த்து, மாட்டியே விட்டார்.

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, லூயெல்லா?" என்று அப்பா கேட்க, "என்னத்தச் சொல்ல அண்ணா, எனக்கே இப்பத்தானே தெரியுது" என்றவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஐம்பத்தோரு வயதுக்காரி, பதினேழு வயதுப் பெண் மாதிரி தலைமூடியின் நாடாவைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றாள். அப்போது உன் அப்பா ஒரு பிரசங்கம் செய்தார். அதை அப்படியே எழுதுகிறேன், நன்றாக நினைவில் வைத்துக்கொள். "அனுப்பினவன் விவரமான ஆளு. பாரு, ஒரு மினுக்கு இல்ல, தங்கப் பூச்சு இல்ல, வெறும் வால்நட் மரம். நம்ம வழக்கம் தெரிஞ்சவன். இப்படிப்பட்டவனுக்கு நம்ம வீட்டுப் பொண்ணக் குடுக்க நான் ரெண்டாவது கேள்வியே கேக்க மாட்டேன்." இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் கடிகாரக் கண்ணாடியைத் துடைத்தார். நம் வீட்டுப் பால் கேனைக்கூட அவ்வளவு பதமாகத் துடைத்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா நேரே ஈனோஸிடம் போய், கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல கடிகாரம் ஈனோஸ், சந்தோஷம்" என்றிருக்கிறார். அந்த மனுஷன் "எந்தக் கடிகாரம்?" என்று கேட்டாராம். விளையாடுகிறார் என்று அப்பா சிரிக்க, "லூயெல்லாவுக்கா? யார் குடுத்தது?" என்று கேட்டபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லையாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா அத்தையிடம் உள்ளதைச் சொன்னார்.  அத்தை நேரே அறைக்குப் போய்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மட்டும் இந்த வீட்டில் சிரிப்பு இல்லை. வறுத்த கோழி அப்படியே இருந்தது. அத்தனை வருஷம் தனியாக இருந்தபோது கலங்காதவள், மணப்பெண்ணாக இருந்து பார்த்த அந்தச் சில நாட்களுக்குப் பிறகு கலங்கிவிட்டாள்.  அப்பா கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தார், முழங்காலையும் மறந்து.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தீவன வண்டி வந்து நின்றது. ஈனோஸ் இறங்கினார், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, மேலெல்லாம் மாட்டுத் தீவனத் தூசி. கையில் குதிரைப் போர்வையில் சுற்றிய ஒரு பெரிய மூட்டை. அத்தை திரைக்கதவுக்கு இந்தப்பக்கம், அவர் அந்தப்பக்கம், நான் அடுப்படியில், காது மட்டும் வாசலில். "லூயெல்லா, யாரோ எனக்கு முன்னாடி முந்திக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு வண்டி ஓட்டினதுதான் மிச்சம், என் தப்புதான். ஆனாலும் இதையும் மாட்டி ஓட விட்டுப் பாரு. எது நிக்குதோ அத அனுப்பிடு" என்றார். அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "அது ஞாயித்துக்கிழமையே நின்னுடுச்சு ஈனோஸ், உள்ள வாங்க" என்றாள். நான் மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், அன்று சுட்ட ஆப்பிள் பலகாரம் முழுக்க உப்பு. ஈனோஸ் மட்டும் முகம் சுளிக்காமல் இரண்டு துண்டு சாப்பிட்டார், அவருக்கு அன்று எதைக் கொடுத்திருந்தாலும் இனித்திருக்கும்.

அத்தை சுவரில் ஈனோஸின் கடிகாரம் ஏறியது. முதல் கடிகாரம் அடுப்படிப் பெஞ்சுக்கு வந்தது, யாருமில்லாத பிள்ளை மாதிரி. கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று அப்பா பால் அறைத் தொலைபேசிக்குப் போனார். அவர் எடுப்பதற்குள் அதுவே மணி அடித்ததாம். "கடிகாரம் உடையாம வந்துச்சாங்களா ஐயா?" என்று ஒரு குரல். யார் பேசுகிறது என்று கேட்டதற்கு, "கொர்னீலியஸ் டீசன், உங்க பொண்ணுகிட்ட மோதிரம் குடுத்துத் திருப்பி வாங்கிக்கிட்டவன்" என்று பதில். பால் அறைக்கு வெளியே வாளியோடு நின்ற எனக்கு அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.  பிறகு அவரே வந்து சொன்னார். நீ எப்போதோ சிரிப்பாகச் சொன்னாயாம், எங்கள் ஊரில் மோதிரம் கிடையாது, கடிகாரம்தான் என்று. "மோதிரம் உங்க வீட்டு வாசல் தாண்டாதுன்னு புரிஞ்சுதுங்க. எது தாண்டும்னு அவ முன்னாடியே சொல்லியிருந்தா. அதான் மோதிரத்தக் கடையில திருப்பிக் குடுத்துட்டு இத வாங்கினேன். உங்க சம்மதம் தெரியாம அவகிட்டச் சொல்ல வேண்டாம்னு இருக்கேன்" என்றானாம். உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். "எங்கம்மா கொஞ்சம் அழுதாங்க, மகன் கல்யாணத்துல மோதிரம் மாத்திக்கிறதப் பாக்கணும்னு ஆசை. இப்பச் சரியாயிட்டாங்க" என்றானாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் சரியாக இல்லை. "நம்ம பொண்ணுக்காக எங்கயோ ஒரு தாய் அழுதிருக்கா, வெர்னா. நான் அவ கடிதத்த முழுசாக்கூடப் படிக்கல" என்றார்.

அந்த நேரத்தில் அத்தை சும்மா இருப்பாளா? அவள்தான் மூன்று நாள் அந்தக் கடிகாரத்துக்குச் சொந்தக்காரியாக இருந்தவள் ஆயிற்றே. "அண்ணா, அனுப்பினவன் விவரமான ஆளுன்னு யாரோ சொன்னாங்க. ரெண்டாவது கேள்வியே கேக்க மாட்டேன்னும் சொன்னாங்க. டீக்கன் வார்த்தை மாறுவாரா?" என்றாள். அப்பா தொப்பியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "மொதக் கேள்வியே இன்னும் கேக்கலையே" என்று சொல்லிப் பார்த்தார். "கேட்டாச்சே, யார் பேசுறதுன்னு பால் அறையில கேட்டீங்களே" என்றாள் அத்தை. அவர் தோற்றுப்போய்ச் சிரித்த சிரிப்பு, லோயிஸ், கொட்டகைப் பசுவெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும். பிறகு கடிகாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு, அந்த முழங்காலோடு, மாடியேறி உன் அறையில் மாட்டினார். வாரா வாரம் சாவி கொடுக்க அவரேதான் ஏறுகிறார். நான் கொடுக்கிறேன் என்றால் விடுவதில்லை.

கல்யாண விருந்துக்கென்று நான் தோட்டத்தில் செலரி கீரை இரண்டு மடங்கு நட்டிருக்கிறேன். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எட்டிப் பார்த்த நோல்ட் வீட்டுக்காரி, "ஒரு கல்யாணத்துக்கு இத்தன செலரியா, வெர்னா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். எங்களுக்குச் செலரி ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி வைத்தேன். அத்தைக்கு நவம்பரில், உனக்கு எப்போது என்று நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். உன் தோள் அளவும் கை நீளமும் அனுப்பு, கல்யாண உடுப்புக்கு நீல நிறத் துணி அத்தை கடையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். எந்தச் சபையில் சேர்ந்து இருப்பது என்பதை நீங்கள் ஜெபித்து முடிவு செய்யுங்கள், அப்பா அதைப் பற்றி இனிமேல்தான் உங்களோடு பேசுவார், நிறையவே பேசுவார், தயாராக இரு. ஒன்று மட்டும் நான் சொல்கிறேன். கொர்னீலியஸின் அம்மாவை உடனே போய்ப் பார். அவர்கள் கையில் மோதிரம் இருக்கும், அதையே உற்றுப் பார்க்காதே, பார்க்காத மாதிரியும் நடிக்காதே. மோதிரம் போடுகிறவர்கள் பாத்திரம் கழுவும்போது அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார்களாம், கழுவி முடித்ததும் நீயே துடைத்து எடுத்துக் கொடு. நமக்காக ஒன்றை விட்டுக் கொடுத்தவர்கள். நமக்கு மோதிரம் வேண்டாம் என்பதற்காக அவர்கள் கை நமக்கு வேண்டாம் என்றாகிவிடாது.

அப்பா பேனாவை வாங்கி இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறார். இனி வருவது அவர் கையெழுத்து.

மகளே, உன் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டேன், இரண்டு தடவை. அந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுகிறது. எனக்குச் சரி செய்யத் தெரியவில்லை. அனுப்பியவனே வந்துதான் சரி செய்ய வேண்டும். அழைத்துக்கொண்டு வா. அப்பா.

மறுபடியும் நான்தான். கர்த்தர் உன்னையும் அவனையும் காத்து, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. அளவு அனுப்ப மறக்காதே, கம்பளி மேலங்கியை வெயிலில் போட்டு எடுத்து வை.

என்றும் உன் அம்மா,
வெர்னா வீவர்

பி.கு.: அப்பா பால் கறக்கப் போன பிறகு இதை எழுதுகிறேன். நம் பழைய அடுப்படிக் கடிகாரத்தை மாடிக்குக் கொண்டு போய் கொர்னீலியஸின் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். அவன் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. அவரிடம் சொல்லிவிடாதே.