கரட்டுக்குப் பின்னால் பச்சை

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

இன்று ராசிபுரம் பக்கம் செல்போன் சிக்னல் அளவெடுப்பு. காரின் கூரையில் ஆண்டெனா, என் மடியில் லேப்டாப், ஓட்டுவது கதிர்வேல். கார் போகப் போகத் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டே வரும். மைனஸ் எழுபது என்றால் அடர்பச்சை. மைனஸ் தொண்ணூறில் மஞ்சள் தொடங்கும். மைனஸ் நூற்றுப் பத்தைத் தாண்டினால் சிவப்பு. அங்கே போன் வெறும் டார்ச் லைட்தான். மூன்று வருடமாக இதே வேலை, இன்னும் சலிக்கவில்லை. ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் நிறம் மாறுகிறது. மரமா காரணம், அதற்குப் பின்னால் இருக்கும் மில்லா? இறங்கிப் பார்க்க நேரமில்லை.

ஊர்க்கோடியில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. அதைச் சுற்றிப் போகும் சின்னத் தார் ரோட்டில் பாதி வழியில் கதிர்வேல் வண்டியை நிறுத்திவிட்டார். ரோடு நிறைய மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். ஆள் யாரையும் காணோம். “கொள்ளுன்னா ஏத்திட்டே போலாங்க மேடம், வண்டி ஏறட்டும்னுதான் போடறாங்க. சோளம் நொறுங்கிப் போயிருமுங்க” என்றார். அவர் வீட்டிலும் வெள்ளாமை உண்டு. திரும்பிவிட்டோம். மீதி ஒன்றரை கிலோமீட்டர்தானே, மென்பொருள் நிரப்பிக்கொள்ளும்.

14 பிப்ரவரி, வெள்ளி

போன் கம்பெனிக்கான வரைபடம் முடிந்தது. அளந்தது ரோட்டில் மட்டும்தான். ரோட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பதை மென்பொருள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, பச்சையை மெல்ல மஞ்சளாக்கி, மஞ்சளை மெல்லச் சிவப்பாக்கித் தானே பூசிவிடும். பார்க்க அழகு. எங்கள் ஆபீஸை நடத்தும் குணசீலன் சாருக்கும் பிடித்தது. “எங்கயும் வெள்ளையா விட்றாதம்மா. வேலை முடியலன்னு நெனைப்பாங்க.”

விடவில்லை.

2 மார்ச், ஞாயிறு

உழவர் சந்தையில் தக்காளிக் கூடை முன் நின்றேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, அதே வரிசை. ஆனால் இங்கே சிவப்புதான் நல்லது. எது நல்லது என்பதை நிறம் சொல்வதில்லை, நாம்தான் சொல்லிவைக்கிறோம். கடைக்காரர் எடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்டதும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

17 ஏப்ரல், வியாழன்

மத்தியானம் ஆபீசுக்கு ஒரு போன். பெயர் மயிலம்மாள், கரட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணை. போன திங்கள்கிழமை வெயிலில் கரண்ட் போய் மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பானும் நின்றிருக்கின்றன. அவர் செட் என்று சொல்லும் கோழிக் கொட்டகையில் சிம் போட்ட அலாரம் உண்டு. கரண்ட் போனால் அவர் போனுக்குக் கூப்பிடும். கூப்பிடவில்லை. ராசிபுரம் போயிருந்தவர் திரும்பி வருவதற்குள் முந்நூற்று நாற்பது கோழி செத்துவிட்டது.

போன் கம்பெனியில் புகார் சொன்னாராம். “உங்க எடத்துல பச்சையா இருக்குது, சிக்னல் நல்லா இருக்குதுன்னு படத்தைக் காட்டறாங்க. கீழ உங்க ஆபீசு நம்பர் இருந்துச்சு. ஏனுங்க, அந்தப் பச்சையை யாருங்க அடிச்சது?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நானேதான் என்று சொல்லவில்லை.

18 ஏப்ரல், வெள்ளி

பூச்சை நீக்கிவிட்டு வெறும் புள்ளிகளைப் பார்த்தேன். கரட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி கூட இல்லை. மக்காச்சோளம் கிடந்த இடம். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் பச்சை, அதனால் நடுவிலும் பச்சை. நடுவில் ஒரு கரடு நிற்பது அதற்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரியாது சரி. எனக்கு? நான் பார்த்தேனே, கண்ணால பார்த்தேனே.

22 ஏப்ரல், செவ்வாய்

சாரிடம் சொன்னேன். புது டவர் எங்கே என்று போன் கம்பெனி முடிவு செய்யும் கூட்டம் முப்பதாம் தேதி. எங்கள் படத்தை நம்பி நெடுஞ்சாலை ஓரம் என்று வைத்திருக்கிறார்கள். இதை விட்டால் இந்தப் பகுதிக்கு இன்னும் ரெண்டு வருடத்துக்கு டவர் கிடையாது. “தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா அடுத்த வேலை யாரும்மா குடுப்பாங்க?” என்றார். அவர் பயமும் பொய்யில்லை. எட்டுப் பேர் பிழைக்கிற ஆபீஸ்.

போய் அளக்கணும், அவ்வளவுதான்.

26 ஏப்ரல், சனி

லீவு நாள். கதிர்வேல் தன் பைக்கில் கூட்டிப்போனார். அவரைக் கரட்டு முனையில் நிறுத்திவிட்டு, அளக்கும் போனைக் கையில் பிடித்து அந்த ஒன்றரை கிலோமீட்டரையும் நடந்தேன். தொடக்கத்தில் மைனஸ் எண்பத்தி எட்டு. கரடு மறைத்த இருபதாவது அடியில் மைனஸ் நூற்று நாலு. பண்ணை வாசலில் நூற்றுப் பதினாலு. தகரக் கூரைக்கு அடியில் எண்ணே வரவில்லை. இவ்வளவு பெரிய சிவப்பின் மேல் பச்சை பூசியிருக்கிறேன்.

மயிலம்மாள் மோர் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். தன் போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மூலையில் வைத்திருக்கிறார். அங்கே மட்டும் ஒரு கோடு வருமாம். அந்தப் பச்சையை அடித்தது நான்தான் என்று அப்போது சொன்னேன். பிப்ரவரியில் ரோட்டில் சோளம் கிடந்ததையும், நாங்கள் திரும்பிப் போனதையும் சொன்னேன்.

அவர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு, “அது எங்க சோளந்தானுங்க. அல்லாரும் மேல ஏத்திட்டுத்தான் போவாங்க. ஏத்தாம திரும்புனது நீங்கதானா” என்றார். டம்ளரைக் கழுவிக்கொண்டே, “ஒரு சத்தம் குடுத்திருந்தா ஒதுக்கி உட்டிருப்பனே சாமி. உள்ளதான இருந்தேன்.”

ஒரு ஹாரன். அதைக் கூட அடிக்கவில்லை நாங்கள்.

28 ஏப்ரல், திங்கள்

புதுப் படம் போட்டேன். அளந்த இடத்தில் மட்டும் நிறம். அளக்காத இடமெல்லாம் வெள்ளை. அந்த ஒன்றரை கிலோமீட்டரில் பெரும்பகுதி சிவப்புக் கோடு. முன்னதன் பக்கத்தில் வைத்தால் துணி கிழிந்தது போல அசிங்கமாக இருக்கிறது. குணசீலன் சார் வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவு வெள்ளை மேலயா நாம நிறம் பூசி அனுப்பறோம்?” என்று மட்டும் கேட்டார். ஆமாங்க சார் என்றேன். படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

30 ஏப்ரல், புதன்

சாரே கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறார். டவர் கரட்டுக்குப் பின்னால், பண்ணைப் பக்கம் வருகிறது. எங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வருகிறது.

6 நவம்பர், வியாழன்

பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், டவர் பாதி உயரம் ஏறியிருக்கிறது.

3 பிப்ரவரி 2026, செவ்வாய்

காலை பதினொன்றே காலுக்குத் தெரியாத நம்பர். எடுத்தால் பதிவு செய்த குரல்: “மின்சாரம் நின்றுவிட்டது. கோழிக் கொட்டகை ஒன்று.” பதறிப்போய் மயிலம்மாளைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

“நாந்தான் சாமி கரண்டு ஒயரைப் புடுங்கி உட்டேன், போன் வருதான்னு பாக்கலாம்னு. அலாரத்துல மூணாவது நம்பரா உங்களைப் போட்டு வெச்சிருக்கறேன். இப்ப செட்டுக்குள்ள நின்னுதான் பேசறேன், கேக்குதுங்களா?”

கேட்டது. பின்னால் கோழிச் சத்தமும் கேட்டது.

“ரோட்டுல சோளம் காயுதுங்க. ஒரு காரு போற அளவுக்கு வழி உட்டுத்தான் போட்டிருக்கறேன்” என்றார்.

கதிர்வேலிடம் சொன்னேன். நாளைக்கே போகலாம் என்கிறார். அந்த ஒன்றரை கிலோமீட்டரைக் காரில் நாங்கள் இன்னும் அளக்கவே இல்லை.