துர்தாலியின் முறை

பிஷ்கெக்,
11 பிப்ரவரி 1998

அன்புத் தங்கை புருல்சாவுக்கு,

பேருந்து ஓட்டுநரிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் நேற்று மாலை கைக்கு வந்தது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம் என்றறிந்ததில் ஆறுதல். எனக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

நீ கேட்டிருப்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல விரும்புகிறேன். அக்டோபரில் அப்பாவின் உடலுக்கு முன்னால் நின்று, ஒரே மகன் என்ற முறையில், "எங்க அப்பா யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா, இனிமே என்கிட்ட கேளுங்க" என்று ஊராரைப் பார்த்து நான் சொன்னது உண்மை. நீ அப்போது பெண்களோடு கூடாரத்துக்குள் அழுதுகொண்டிருந்தாய். எல்லா மகன்களும் அதைச் சொல்கிறார்கள்; எல்லா ஊரும் தலையசைத்துவிட்டுத் தொழுகைக்கு நிற்கிறது. துர்தாலி மட்டும் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து, "எனக்கு ஒரு வீடு பாக்கி" என்றார். "ஏத்துக்கறேன்" என்றேன். இமாம் காத்திருந்தார், வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் அது கடனைப் பற்றிய வாக்கு, புருல்சா. ஊர் கூடிக் கூலியில்லாமல் ஒருவருக்கு வீடு எழுப்பித் தரும் அஷார் கடனாகாது. அப்பா அதை முப்பது வருடம் தாமாக முன்வந்து நடத்தினார். தாமாகச் செய்தது கடமையாகாது. கடமையல்லாதது பிள்ளைக்கு வாரிசாக வராது. இதைத் துர்தாலியிடம் மரியாதையாக எடுத்துச் சொல்.

உன் அண்ணன்,
எசென்குல்


கோக்-தால்,
2 மார்ச் 1998

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

சளிக்கு ஆட்டுவால் கொழுப்பைப் பாலில் உருக்கிக் குடியுங்கள். மாத்திரையை நம்பாதீர்கள்.

உங்கள் நியாயம் புரிந்தது. அதைத் துர்தாலி அண்ணனிடம் எடுத்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவின் ஆன்மாவுக்காக மாவு பொரித்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்தார். இரண்டு துண்டு தின்றார், துஆ ஓதினார்.

"என்னம்மா, அண்ணன் எப்ப வர்றாரு?"

"வேலை ஜாஸ்தியாம் அண்ணே."

"இருக்கும், இருக்கும். நாட்டுல இருக்கற ஒவ்வொரு வீடும் விழுமா விழாதான்னு பாக்குற உத்தியோகம். எனக்கு விழறதுக்கே வீடு இல்ல."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு வரவில்லை. துர்தாலி அண்ணன் ஏழு வருடமாக மைத்துனன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். 91இல் அஸ்திவாரம் போட்டு, சுடாத பச்சைச் செங்கல் அறுத்து அடுக்கியாகிவிட்டது. மறுவாரம் அப்பா வேலையை நிறுத்தினார். அதன் பிறகு எவர் வீட்டுக்கும் அவர் மண் மிதிக்கவில்லை.

போகும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அடக்கத்தன்னைக்கு, இவர் எப்படிப்பட்ட மனுஷன்னு இமாம் கேட்டப்ப எல்லாரும் நல்லவர்னாங்க. நான் மட்டும் சொல்லல. முப்பத்தொரு வீடு கட்டுன கை என் முறை வந்ததும் மடங்கிருச்சு. நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

அம்மா போனபின் சேற்றில் வெடித்த விரல்களால் எனக்குச் சடை பின்னியவர் அப்பா. நாற்பது மெல்லிய சடை. ஒன்றில் மயிர் தப்பினாலும் அவிழ்த்து முதலிலிருந்து பின்னுவார். பள்ளிக்கூட மணி அடித்தாலும் விடமாட்டார். அவரா ஒரு மனிதரைப் பாதியில் விட்டார்? இப்போது ஊரில், கிழவருக்குக் கடைசியில் மனசு கெட்டுப்போச்சு என்கிறார்கள். அவர் ஏன் நிறுத்தினார்? உங்களுக்குத் தெரியுமா?

தங்கை,
புருல்சா


பிஷ்கெக்,
24 மார்ச் 1998

அன்புத் தங்கைக்கு,

கொழுப்புக் குடித்தேன். சளி போகவில்லை, பசி போய்விட்டது.

இத்துடன் வரைபடம் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்பது புள்ளி நிலநடுக்கம் வரக்கூடிய மண்டலத்தில் பச்சைச் செங்கல் வீடு எப்படி அமைய வேண்டுமோ, அப்படி மூன்று மாலைகள் உட்கார்ந்து வரைந்தது. இதன்படி கட்டினால் துர்தாலிக்கு நான் சொன்ன வாக்கு நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். நேரில் வருவதற்குச் செப்டம்பர் வரை விடுப்பு இல்லை.

நான் இங்கே கல்லூரியில் படித்த காலத்தில் அப்பா மாதம் ஒருமுறை லாரியில் ஒன்பது மணி நேரம் பயணம் செய்து விடுதிக்கு வருவார். ஒரு பை காய்ந்த தயிர் உருண்டை, துணியில் சுற்றிய இறைச்சி. ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்ப்பார். பிறகு, "நாளைக்கு அஷார் இருக்குடா, எல்லாரும் காத்திருப்பாங்க" என்று எழுந்துவிடுவார். அந்த "எல்லாரும்" என்ற சொல் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. இப்போதும் அதிகம் பிடித்துவிடவில்லை.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. களைப்பாக இருக்கிறது.

அண்ணன்,
எசென்குல்


கோக்-தால்,
21 ஏப்ரல் 1998

அண்ணா,

வரைபடம் வந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியருக்கே விளங்கவில்லை. துர்தாலி அண்ணன் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "இது எனக்கு வீடா, மாவட்ட ஆஸ்பத்திரியா? எந்தப் பக்கம்மா வாசல்?" என்றார். அம்புக்குறிகளை எண்ணிவிட்டு, "இத்தனை ஈட்டியா? சண்டைக்கா போறோம்?" என்றார்.

உங்களுக்காகக் காத்திருந்தது போதும் என்று நானே போன வாரம் கடை வாசலில் நின்று அஷாருக்குக் கூப்பிட்டேன். பெண் கூப்பிட்டு யார் வருவார் என்று பயமாக இருந்தது. ஒருவர், "ஷமிர்கான் மகள் கூப்பிட்டா வராம இருக்க முடியுமா? என் வீட்டுச் சுவர்ல அந்த மனுஷன் கைரேகை இருக்கு" என்றார். மே முதல் ஞாயிறு தொடங்குகிறோம். நனைந்து கரைந்த செங்கல் போக மீதியை வைத்து.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். அன்றைக்குத் துர்தாலி அண்ணன் சொன்னார்: "நான் கேக்கறப்பல்லாம் உங்கப்பா, 'எசென் வந்து காட்டட்டும், அப்புறம் சுவர் எடுப்போம்'னு சொல்வாரு. அவருக்கு வயசாச்சு, சாக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன்."

நீங்கள் எதைக் காட்ட வேண்டியிருந்தது, அண்ணா?

புருல்சா


பிஷ்கெக்,
6 மே 1998

அன்புத் தங்கைக்கு,

14 ஏப்ரல் 1991 அன்று அப்பாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். அவர் கட்டும் சுவர்களில், வாசல் நிலைக்கு மேலே நான்கு பக்கமும் சுற்றி வரவேண்டிய மரச்சட்டம் இல்லை; அது இல்லாத வீடு நடுக்கத்தில் உள்ளே இருப்பவர் மீதே விழும்; இனி ஒரு வீடு இப்படி எழுந்தால், அப்பா என்றும் பாராமல் மேலிடத்தில் தெரிவிப்பது என் கடமை. இதுதான் சாரம். முப்பத்தொரு குடும்பங்களை அவர் கல்லறைக்குள் குடியேற்றியிருக்கிறார் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. அது தேவையற்ற வாக்கியம்.

ஒரே வரியில் பதில் போட்டார்: "சரி மகனே. நீ வந்து காட்டு."

அதற்குப் பின் ஐந்து முறை ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு முறையும் என்னை நடக்க அழைத்துப் போவார். துர்தாலியின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் நடை மெதுவாகும். ஒன்றும் கேட்கமாட்டார். நான் பனியைப் பற்றிப் பேசுவேன். அரை நாள் வேலை, புருல்சா. ஒரு மரத்தை எடுத்து மூலையில் எப்படிப் பூட்டுவது என்று காட்டியிருக்கலாம். அந்த வாக்கியத்தை எழுதிய பின் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் மேல் பழி வரக்கூடாது என்றுதான் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், அப்போதே தெரியும்.

நான் சொன்ன விதி சரி. இன்றும் சரி. தடுக்கத் தெரிந்தவன் கட்டும் விதத்தையும் காட்ட வேண்டும் என்று மட்டும் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. இல்லாததால் நான் செய்யவில்லை.

இரண்டு காரியங்கள் கேட்கிறேன். சுவர் நிலைமட்டத்துக்கு வந்ததும் நிறுத்து. சட்டம் பூட்டாமல் அதற்கு மேல் ஒரு கல்லும் ஏறக்கூடாது. இந்தக் கடிதத்தை அஷாரில் தேநீருக்கு உட்காரும்போது எல்லோர் முன்னிலும் படி, துர்தாலியின் காதில் விழும்படி. கெட்டது அப்பாவின் மனசு அல்ல என்று ஊருக்குத் தெரியட்டும். மே, ஜூன் மாதங்களில் ஆய்வுகள் இருப்பதால் நான் வர இயலாது.

எசென்குல்


கோக்-தால்,
18 மே 1998

அண்ணா,

கடிதம் சனிக்கிழமை வந்தது. மறுநாள் தேநீருக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். நாற்பது பேர் இருந்தார்கள், முழங்கால் வரை சேறு. துர்தாலி அண்ணன் பொரித்த மாவைக் கடித்துக்கொண்டே, "பெரிய எஞ்சினியர் என்ன எழுதியிருக்காரு? இன்னொரு ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சளி விட்டுருச்சாம்" என்றேன். மடித்து வைத்துவிட்டேன்.

நான் படிக்கமாட்டேன். ஒரு தடவை எழுதி அனுப்பினீர்கள்; அப்பா அதை ஆறரை வருடம் தனியாகச் சுமந்தார். இதையும் இன்னொருவர் வாயில் வைத்து அனுப்பாதீர்கள்.

நீங்கள் கேட்ட மற்றதைச் செய்தேன். நேற்றுச் சுவர் நிலைமட்டத்துக்கு வந்தது, நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏன் என்றார்கள். அதை நீங்கள் வந்து சொல்ல வேண்டும். துர்தாலி அண்ணன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போனார்.

பேருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. ஜூன் பத்தாம் தேதி எல்லோரும் மந்தைகளோடு மேய்ச்சல் மலைக்கு ஏறிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் வந்து சொன்னாலும், கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்காது.

ஷமிர்கான் மகள்,
புருல்சா